எட்டு நாள்

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
பல் டாக்டர் மாடியில் இரண்டாவது கதவு.
செருப்பைக் கழற்றினால் சிமெந்துத் தரை சில்லிடுகிறது.
உள்ளே எண்கணிதம் புஷ்பநாதன்,
பொலித்தீன் உறை பிரிக்காத கல்குலேட்டர்,
ஒரு சிவப்புப் பேனா, ஒரு நீலப் பேனா.
கெட்டதை எதில் எழுதுவார் என்று
கேட்காமலே தெரிந்துவிட்டது.

பிறந்த தேதி, பிறந்த மாதம்,
நடக்கிற வருஷம்.
மூன்றையும் கூட்டி, ஒற்றை இலக்கமாகும்வரை
உடைத்துக்கொண்டே வர வேண்டுமாம்.
ஒன்று தொடக்கம். நாலு முதுகொடிகிற உழைப்பு.
ஐந்தில் பயணம். ஒன்பதில் கணக்கு முடிப்பு.
பிறகு மறுபடி ஒன்று.

கவ்வாத்து மாதிரி, என்றேன்.
வளரவிட்டு, கொழுந்தெடுத்து,
ஒரு நாள் முழங்கால் உயரத்துக்கு வெட்டி
மலையை மொட்டையாய் நிறுத்துவது போல.
"அது நாலு வருஷம், இது ஒன்பது" என்றார்.
"செடியைவிட ஆளுக்குத் தவணை கூட.
தேதி?"

எந்தத் தேதி என்றேன்.

அம்மா சொல்வது எண்பத்திநாலு பெப்ரவரி எட்டு, புதன்.
சம்பள வரிசையில் நிற்கையில் இடுப்பு வலி எடுத்தும்
காசை வாங்கி முந்தானையில் முடிந்த பிறகுதான்
லயத்துக்கு நடந்தாளாம்.
பதிய வர அப்பாவுக்கு
எட்டு நாள் அரைப்பேர் கிடைக்கவில்லை.
கிளாக்கர் தலை நிமிராமல்
அன்றைய தேதியையே போட்டுவிட்டார்.
அடையாள அட்டையில் பதினாறு,
ஈபிஎஃப் தாளில் பதினாறு,
பாஸ்போட்டில் பதினாறு.
அந்த எட்டு நாளும்
அம்மாவிடம் பால் குடித்தது யார்?

புஷ்பநாதன் இரண்டையும் போட்டுப் பார்த்தார்.
பதினாறும் இரண்டும் ஒன்பதில் நின்றது.
எட்டும் இரண்டும் பத்து, அதாவது ஒன்று.
நடக்கிற வருஷம் இரண்டாயிரத்து இருபத்தைந்து,
அதுவும் ஒன்பது.
"ஒன்பதைச் சேர்த்தால் எந்த எண்ணும் மாறாது தங்கச்சி"
என்றார் கொஞ்சம் வெட்கத்தோடு,
சரக்குத் தீர்ந்த கடைக்காரர் போல.

ஆக, காகிதத்தில் இருப்பவளுக்கு முடிப்பு வருஷம்.
கடனை அடை, வீட்டைப் பூட்டு, மனிதரை விடு.
வலியில் வந்தவளுக்குத் தொடக்க வருஷம்.
கையெழுத்தைப் போடு, கிளம்பு.
குவைத்துக்குப் போகப்போவது இவர்களில் எவள்?

சிவப்பை எடுத்தார். வைத்தார்.
நீலத்தை எடுத்து மூடியைக் கடித்தார்.
"பெத்தவ சொன்ன தேதிதான் பலிக்கும்.
ஆனா ஏர்போட்டில..."
ஐந்நூறு கேட்டவர்
முந்நூறு போதும் என்று அவரே குறைத்துக்கொண்டார்.

மறுநாள் ஏழாம் நம்பர் மலையில் நிறுவை.
பதினெட்டு கிலோவுக்குத்தான் முழுப்பேர்.
ஒன்றும் எட்டும் ஒன்பது.
இருபது வருஷமாய் ஒவ்வொரு சாயங்காலமும்
ஒன்பதை முடித்துவிட்டுத்தான் இறங்கியிருக்கிறேன்,
யாரும் சொல்லித் தராமலே.
என் சாக்கைத் தராசில் மாட்டினான் குணவேல்.
முள் பதினெட்டில் ஆடி நின்றது.
ஈரத்துக்கும் சாக்குக்கும் இரண்டு கழித்து
பதினாறு என்று எழுதினான்.

பதினாறு!
எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.
இரண்டு கிலோ போனதற்கா சிரிக்கிறாள் என்று
அழகுலெட்சுமி முறைத்தாள்.

இருட்டிய பிறகு ஏஜென்சிப் பையனின் போன்.
"டிக்கெட் பன்னெண்டாம் தேதிக்கா.
நாப்பத்தொண்ணு ஆயிட்டா எடுக்க மாட்டாங்க,
அதான் நாலு நாள் முந்தியே ஏத்துறோம்."

அவனுக்கு நாலு நாள் முந்தி.
எனக்கு நாலு நாள் பிந்தி.
சரியாக நடுவில்,
ஒருத்திக்கு வயது ஏறி
இன்னொருத்திக்கு ஏறாத
ஒரு புதன்கிழமை.

சரி என்றேன்.
போனை வைத்த பிறகுதான் தோன்றியது,
அம்மாவிடம் இதுவரை கேட்டதே இல்லை:
அன்றைக்கு முந்தானையில் முடிந்தது
எவ்வளவு?